நாலு நாள் லீவு, ஒன்பது மணி நேரம் லேட்: வேலூர்ப் பக்கத்துப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியாத்தத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. முன்பெல்லாம் கல்ஃபில் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத லீவில் வருவார்கள். இப்போது நாலு நாள், ஐந்து நாள் என்று வந்து போகிறவர்கள் கூடிவிட்டார்கள். தங்கச்சி கல்யாணம், எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ரம்ஜான், அப்பாவுக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், இல்லாவிட்டால் ஒரு சாவு. இரண்டு மாத லீவில் எட்டு மணி நேரம் போனால் யாருக்கும் தெரியாது. நாலு நாள் லீவில் போனால் வந்த காரியமே கைநழுவிப் போகும். அந்த நேரத்தில் ஷார்ஜாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் எனக்கு வரும் போன்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை.

“ரெண்டு மணி நேரம் லேட்” என்றார்கள். இப்போது நாலு என்கிறார்கள். எதை நம்புவது?

அறிவிப்புப் பலகையை நம்ப வேண்டாம். உங்களை ஏற்றிக்கொண்டு போகவேண்டிய விமானம் இந்த நிமிஷம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், பெரும்பாலும் அந்த விமானத்தின் பதிவு எண்ணும் தெரியும். பஸ்ஸுக்கு நம்பர் பிளேட் மாதிரிதான். இந்திய விமானமாக இருந்தால் ‘வி.டி.’ என்று ஆரம்பிக்கும். அதைத் தொட்டால், காலையிலிருந்து அது எந்தெந்த ஊருக்குப் போய் வந்தது என்ற பட்டியல் வரும். உங்களை ஷார்ஜாவில் ஏற்றவேண்டிய விமானம் இன்னும் கோழிக்கோட்டிலேயே நிற்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து வர ஏறக்குறைய நாலு மணி நேரம். ஆளை இறக்கி, சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, உங்களை ஏற்ற இன்னொரு மணி நேரம். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு முன்னால் நீங்கள் கிளம்பப் போவதில்லை.

இரண்டாவது, விமானிகளின் டியூட்டி கணக்கு. இத்தனை மணி நேரத்துக்கு மேல் அவர்கள் பறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மூன்று மணி நேரத் தாமதம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் வேறு ஆட்கள் வரவேண்டும். மூன்று மணி நேரம் பத்து மணி நேரமாவது பெரும்பாலும் இங்கேதான். 2025 டிசம்பர் தொடக்கத்தில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதும் இந்த ஓய்வு நேரக் கணக்கு இடித்ததால்தான். அதனால் கேட்டில் இருக்கும் பெண்ணிடம் “எப்போம்மா கிளம்பும்?” என்று கேட்காதீர்கள், அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. “க்ரூ வந்துட்டாங்களா? அவங்க டியூட்டி டைம் எதுவரைக்கும்?” என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதிலில், அல்லது பதில் சொல்லாமல் பார்க்கிற பார்வையில், விஷயம் தெரிந்துவிடும்.

வெயில் அடிக்கிறது, புயலும் இல்லை. பின்னே ஏன் லேட்?

மேலே சொன்ன இரண்டும்தான் முக்கால்வாசிக் காரணம். மீதிக்கு நாள்காட்டியைப் பாருங்கள். பொங்கலுக்கு வருகிறவர்கள் போகியன்று விடியற்காலை சென்னையில் இறங்குகிற டிக்கெட்டைக் கேட்டால் நான் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். 2018 போகிப் புகையில் ஓடுதளம் தெரியாமல் பல விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. கம்மவான்பேட்டைப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் டெல்லி வழியாக வருவார்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கே பனிமூட்டம். நவம்பர், டிசம்பரில் நமக்குப் புயல்: 2023இல் மிக்ஜாம், 2024இல் ஃபெஞ்சல், இரண்டு தடவையும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள் மூடிக் கிடந்தது.

ஊரிலிருந்து இன்னோவா பேசி அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிவிட்டார்களே?

வாலாஜா டோலுக்கு இந்தப் பக்கம் இருந்தால் திருப்பிவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியிருந்தால் வந்து உட்காரட்டும், வேறு வழியில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதித் தலைவலி போய்விடும். வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். துபாய், ஷார்ஜா, சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானம் நாலு மணி நேரம், குவைத்திலிருந்து ஐந்து. இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர இன்னொரு மணி நேரம். ஆக, விமானம் அங்கே தரையை விட்டு எழும்பிய பிறகு, வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் வண்டி உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். மூன்று மணி நேரத்துக்கும் குறைவான உள்நாட்டு விமானத்துக்குத்தான் இந்தக் கணக்கு இடிக்கும்.

“ஏறிட்டேன்” என்பதும் “பறக்குது” என்பதும் வேறு. கதவைச் சாத்திய பிறகும் இரண்டு மணி நேரம் உள்ளேயே உட்காரவைத்த கதைகள் உண்டு. அதனால் நீங்கள் அனுப்புகிற செய்தியை வைத்து வண்டி கிளம்ப வேண்டாம். வீட்டில் ஒருவர் செயலியில் பார்த்து, கடலுக்கு மேலே போனதும் டிரைவருக்குச் சொல்லட்டும். அந்த ஒருவர் யார் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் நடப்பது இதுதான்: மனைவிக்கு ஒரு நேரம் சொல்வீர்கள், அம்மாவுக்கு ஒரு நேரம், மச்சானுக்கு “வந்துனே இருக்கேன்” என்று மொட்டையாக ஒரு செய்தி. சாயந்திரத்துக்குள் பேரணாம்பட்டில் இருக்கும் சித்தி விமானத்தையே காணோம் என்று அழ ஆரம்பித்திருப்பார். உங்கள் போனில் சார்ஜும் தீர்ந்திருக்கும்.

டிரைவர் வந்துவிட்டால் வெயிட்டிங்கும் பேட்டாவும் ஏறிக்கொண்டே போகும். அதைப் பேரம் பேசுவதைவிட அவரைத் தூங்கவிடுவது முக்கியம். ராத்திரி உங்களைத் திருப்பி ஓட்டி வரப்போகிறவர் அவர்தான்.

சாப்பாடு, ஓட்டல் தருவார்களா?

இந்திய விமான நிறுவனங்களுக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு இயக்குநரகம்) விதி இருக்கிறது. 2010இல் வந்தது, பிறகு திருத்தியிருக்கிறார்கள். நேரத்துக்குச் செக்-இன் செய்தவர்களுக்குத்தான் இது. பறக்கும் நேரம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி. இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணமென்றால் 3 மணி நேரத் தாமதம். அதற்கும் மேலே என்றால் 4. அதாவது மும்பையிலிருந்து வருகிறவருக்கு இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும், துபாயிலிருந்து வருகிறவர் மூன்று மணி நேரம் பொறுக்க வேண்டும்.

ஓட்டல் அறை, அங்கே போய்வர வண்டி: 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால். அல்லது இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே கிளம்பவேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால். கல்ஃப் விமானங்கள் ராத்திரியில்தான் அதிகம் என்பதால் இந்த இரண்டாவது வரி நம் ஆட்களுக்கு முக்கியம்.

யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள், கவுன்ட்டரில் போய்க் கேட்க வேண்டும். கும்பலாகப் போய்க் கத்தினால் ஒரு சாண்ட்விச் பொட்டலத்தோடு முடித்துவிடுவார்கள். போர்டிங் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு “மீல் வவுச்சர்” என்று இரண்டே வார்த்தையில் கேட்கிறவருக்குத்தான் சீக்கிரம் கிடைக்கிறது.

நஷ்டஈடு?

வெறும் தாமதத்துக்கு டிஜிசிஏ விதியில் பணம் கிடையாது. இதைச் சொன்னால் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள், ஆனால் விதி அதுதான். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை உண்டு. அதுவும் உங்கள் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான். புயல், மூட்டம், கலவரம் என்றால் அதுவும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் விமானத்துக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியா 2009இல் சேர்ந்தது. தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் ஆன செலவை, கையில் ரசீது இருந்தால், ஒரு வரம்பு வரை கேட்கலாம். வழக்குப் போட இரண்டு வருடம் கெடு. ஆகவே டாக்ஸி, ஓட்டல், சாப்பாடு, தவறவிட்ட ரயில் டிக்கெட், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஜெர்மனி, ஃபிரான்ஸ் என்று ஐரோப்பாவில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கிருந்து கிளம்பும் எந்த விமானமானாலும், சென்னைக்கு நாலு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக வந்து சேர்ந்தால், நிறுவனத்தின் கைமீறிய காரணம் இல்லாதபட்சத்தில், ஆளுக்கு 600 யூரோ.

நைனா (அப்பா) தவறிட்டார். விமானம் ஆறு மணி நேரம் லேட். எனக்காக வைக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் “நான் வர்றவரைக்கும் எடுக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். ஒரு மணியைச் சொல்லுங்கள். இறங்குகிற நேரத்தோடு வெளியே வர ஒரு மணி, சாலையில் மூன்று மணி, மேலே ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். “சாயந்திரம் நாலு மணி வரை பாருங்க, அதுக்குள்ள வரலைன்னா எடுத்துடுங்க” என்று சொன்னால் அங்கே இருப்பவர்களால் ஏற்பாடு செய்ய முடியும். ஃப்ரீஸர் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது, ஒரு ராத்திரி தாங்கும். ஆனால் வெளியூரிலிருந்து வந்த சொந்தம், மேளக்காரர்கள், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். பெரியப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்லுங்கள். அம்மாவால் “எடுத்துடலாம்” என்று சொல்லவே முடியாது, அந்தச் சுமையை அவர் தலையில் வைக்கக் கூடாது.

மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் ஜனாஸாவை, அதாவது அடக்கத்தை, தள்ளிப்போட மாட்டார்கள். அங்கிருந்து கிளம்பும்போதே அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நேராக கபரஸ்தானுக்குப் போய்விட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார்கள்.

விமான நிலையத்தில் செய்யவேண்டியது: கவுன்ட்டரில் டியூட்டி மேனேஜரைக் கேளுங்கள். அவரிடம் நேராக விஷயத்தைச் சொல்லுங்கள், போனில் வந்த செய்தியைக் காட்டுங்கள். மேலே சொன்ன உள்நாட்டு 6 மணி நேர விதியைத் தவிர, வேறு விமானத்தில் மாற்றித் தரவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் சாவு என்று சொன்னால், சீட் இருந்தால், பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள். பெட்டி போடாதீர்கள், தோள் பை போதும். செக்-இன் செய்த பெட்டி உள்ளே போய்விட்டால் விமானம் மாறுவதும் கஷ்டம், சென்னையில் பெல்ட் பக்கத்தில் முக்கால் மணி நேரமும் போகும்.

முகம் பார்க்க முடியாமலே போய்விட்டால், மிச்சமுள்ள மூன்று நாளை அம்மாவோடு உட்கார்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம், பட்டா, பேங்க் வேலை எதையும் அந்த மூன்று நாளில் இழுக்க வேண்டாம். லீவைப் பார்த்து, கருமாதியை முன்னுக்கு இழுத்து முடித்துக்கொள்கிற குடும்பங்களும் இப்போது உண்டு. பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

மஸ்கட்டில் மாறி வர வேண்டும். முதல் விமானம் லேட் ஆனால்?

இரண்டும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்) என்றால் உங்களை ஊர் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். நாலு நாள் லீவுக்கு நான் தனித்தனி டிக்கெட் போட்டுத் தருவதில்லை. கேட்டு வற்புறுத்தினால் வேறு கடையைக் காட்டுவேன்.

ராத்திரி ஒன்றரை மணிக்குச் சென்னையில் இறக்கிவிட்டார்கள். வேலூருக்கு எப்படி?

அந்த நேரத்தில் மெட்ரோ இல்லை. இரவு பதினொன்றை ஒட்டி முடிந்துவிடும், விடியற்காலை ஐந்து வாக்கில்தான் திரும்ப ஓடும். ஐந்து மணி மெட்ரோவில் சென்ட்ரல் போனால் காட்பாடிக்குக் காலை ரயில்கள் வரிசையாக இருக்கின்றன. பெங்களூர், கோவைப் பக்கம் போகிற வண்டிகளில் பலவும் காட்பாடியில் நிற்கும். இல்லையென்றால் பூந்தமல்லி வரை டாக்ஸி, அங்கிருந்து வேலூர் பஸ். முன்பதிவு செய்த ரயில் இருந்தால், தாமதம் தெரிந்த உடனேயே ரத்து செய்யுங்கள். வண்டி கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே காசு திரும்பும் கெடு முடிந்துவிடும்.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, ராத்திரி ஒன்றரைக்கும் நாலுக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 48இல் ஏறவேண்டாம் என்பது என் கருத்து. ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாவுக்கும் நடுவே சாலை வேலை நடக்கும் இடங்களில் திடீரென்று மாற்றுப்பாதை வரும், நின்றிருக்கும் லாரிக்குப் பின்விளக்கு இருக்காது. டிரைவரும் நாள் முழுக்கக் காத்திருந்தவர். நாலு மணி வரை கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புங்கள், ஏழு மணிக்கு ரத்தினகிரியைத் தாண்டிவிடலாம்.

சென்னை விமானம் ரத்தாகும் போலிருக்கிறது. பெங்களூரு வழியாக வரலாமா?

வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர்க்காரர்கள் தயங்காமல் வரலாம். வேலூர்க்காரருக்கும் மோசமில்லை, ஆனால் தேவனஹள்ளி விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. பெங்களூரைக் கடந்து ஓசூர் ரோட்டைப் பிடிப்பதற்கே உயிர் போய்விடும். டெல்லி, ஹைதராபாத்திலிருந்து வருகிறவர்கள் திருப்பதி ரேணிகுண்டாவையும் பாருங்கள். காட்பாடிக்குச் சென்னையைவிடப் பக்கம்.

நாலு நாளில் ஒரு நாள் போய்விட்டது. எதை வெட்டுவது?

இதற்குத்தான் காத்திருப்பு நேரத்தைச் செலவிட வேண்டும். கேட்டுக்கு எதிரே உட்கார்ந்து செயலியை நிமிஷத்துக்கு ஒருமுறை இழுத்து இழுத்துப் பார்ப்பதால் விமானம் வராது. ஒரு காகிதம் எடுத்து, இந்தத் தடவை நீங்கள் நேரில் இல்லாவிட்டால் நடக்காத காரியங்களை மட்டும் எழுதுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து, பெண் பார்ப்பது, சி.எம்.சி.யில் டாக்டரோடு பேசுவது இவை நிற்கும். ஆரணியில் பட்டு எடுப்பது, நண்பர்களோடு ஏலகிரி, ஒவ்வொரு சித்தப்பா வீட்டிலும் ஒரு காபி இவை போகலாம். சித்தப்பாக்களுக்கு விமான நிலையத்திலிருந்தே போன் செய்துவிடுங்கள். “வர முடியலை சித்தப்பா, ஏர்போர்ட்லயே மாட்டிக்கிட்டேன்” என்று அங்கிருந்து சொன்னால் கோபம் வராது. ஊர் வந்து திரும்பிப் போன பிறகு சொன்னால் அடுத்த லீவு வரைக்கும் பேச்சு.

தேதி நகராத காரியங்களை முதலில் பாருங்கள். வைகாசி 1ஆம் தேதி சிரசு என்றால் சிரசுதான். காலையில் முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கிளம்பிவிடும், உங்களுக்காக ஊர் காத்திருக்காது. அதற்கு வருகிறவர் முந்தின நாள் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடக் கூடாது. இரண்டு நாள் இடைவெளி வேண்டும்.

கூட அம்மா வருகிறார், சர்க்கரை நோயாளி.

இன்சுலினும் மாத்திரையும் கைப்பையில், பெட்டியில் அல்ல. பவர் பேங்கும் அப்படித்தான், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. பிஸ்கட் பாக்கெட் ஒன்று, முடிந்தால் வீல்சேர். மணிக்கொரு தடவை எழுந்து நடக்கவையுங்கள், கால் வீங்கும். வவுச்சர் சாப்பாட்டுக்காக அவரைக் காக்கவைக்காதீர்கள்.

திரும்பிப் போகும்போது லேட் ஆகிவிட்டது. வேலைக்கு என்ன சொல்வது?

விமான நிறுவனத்திடம் தாமதச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். இணையத்திலேயே தருகிற நிறுவனங்களும் உண்டு. சவூதியில் வேலை செய்பவர்கள் எக்ஸிட் ரீ-என்ட்ரி (ஊர் போய்த் திரும்பும் விசா) முடிகிற கடைசி நாளில் டிக்கெட் போடாதீர்கள், பிளேடு மேல் நடக்கிற வேலை.

இமிக்ரேஷன் முத்திரை குத்திய பிறகு, “லேட்தானே, வெளியே நிற்கிற அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று வர முடியாது. முத்திரையை ரத்து செய்து, விமான நிறுவன ஆள் கூட வந்துதான் வெளியே விடுவார்கள். அதனால் தாமதம் என்று தெரிந்தால் உள்ளே போக அவசரப்படாதீர்கள். உள்நாட்டுப் பயணிகளுக்கு ஒரு தகவல்: சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025இல் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய் என்று வைத்தார்கள். மற்ற கடைகளின் விலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆம்பூர் பிரியாணி பார்சல் இருக்கிறது. பத்து மணி நேரம் தாங்குமா?

தாங்காது. அங்கேயே பிரித்து, பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொடுத்துச் சாப்பிட்டுவிடுங்கள். ஆற்காடு மக்கன் பேடா கெடாது, ஆனால் பாகு இருப்பதால் கைப்பையில் விடமாட்டார்கள்.

எங்கே புகார் கொடுப்பது?

முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில். பதில் இல்லையென்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில். அதற்கும் மேலே வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், குர்கானுக்கோ துபாய்க்கோ அலைய வேண்டாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. சந்தேகத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண். வெளிநாட்டில் இருப்பவருக்கு இதை நடத்த ஊரில் ஒரு ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லாமல் ஆரம்பித்த வழக்குகள் பாதியில் நிற்பதைத்தான் பார்க்கிறேன்.

வேலூர் அப்துல்லாபுரத்தில் விமானம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தில், அந்தப் பழைய ஓடுதளத்திலிருந்து விமானம் விடும் பேச்சு பல வருடமாக இருக்கிறது. வந்தாலும் சின்ன விமானங்கள்தான் இறங்க முடியும். ஷார்ஜா விமானம் அங்கே வராது, சென்னையோ பெங்களூரோதான்.